தோசை மாவுக் கழிவுநீரை வழிக்குக் கொண்டுவருவது எப்படி

பினாங்கு மாநிலத்தில் புக்கிட் மின்யாக் பக்கம் சின்னதாக ஒரு தோசை மாவுத் தொழிற்சாலை நடத்துகிற தம்பி ஒருவர் போன மாதம் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தார். “அண்ணே, பின்னாடி லொங்காங்ல (சாக்கடைல) பால் மாதிரி வெள்ளையா ஓடுது, நாத்தம் தாங்கல, பக்கத்துக் கம்பெனிக்காரன் படம் எடுத்துட்டான், ஏதாவது மருந்து சொல்லுங்க.” மருந்து! இந்த வேலையில் இருபது வருடமாக எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு தோங் மருந்து வாங்கிக் கலக்கிவிட்டால் தண்ணீர் தெளிந்துவிடும், நாற்றம் போய்விடும், தொந்தரவு தீர்ந்தது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். ஆட்டுகிற இடத்தில் ஒரு பையன் ஹோஸைப் பிடித்துத் தரையில் சிந்திக் கிடந்த மாவை வளைத்து வளைத்து அடித்து மூலையிலிருந்த ஓட்டைக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். நல்ல வேலைக்காரப் பையன், தரை பளபளவென்று இருந்தது. “உங்க பிரச்சினை பின்னாடி இல்ல தம்பி, இந்த ஹோஸ்லதான் இருக்கு” என்றேன். அவர் நம்பவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினேன், அப்புறம்தான் முகம் மாறியது. அந்தக் கணக்கையும் அதற்குப் பிறகு அங்கே செய்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். நான் பிறை ஊரில் சோயா பாலும் சிரப் பானமும் செய்கிற இடங்களில் கழிவுநீர் பார்த்தவன். மாவு, இடியாப்பம், தேங்காய்ப் பால், ஊறுகாய், மசாலா என்று எது செய்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

முதலில் அந்தக் கணக்கு

சாப்பாட்டுக் கழிவுநீரில் பெரும்பாலும் விஷம் எதுவும் கிடையாது. அதில் இருப்பது சாப்பாடு. ஆனால் ஆற்றுக்குப் போனதும் அந்தச் சாப்பாட்டைத் தின்ன பாக்டீரியா பெருகி, தின்னும்போது தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனை எல்லாம் இழுத்துக்கொள்கிறது, மீன் மூச்சுமுட்டிச் சாகிறது. நம் ஊர் வெயிலில் 30 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்து நிற்கும், அதுவும் சுத்தமான தண்ணீரில். அதாவது ஆற்றிடம் கையிருப்பு ரொம்பக் குறைவு. இந்தப் பசியை அளக்கிற எண்தான் பிஓடி: 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்து எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று பார்ப்பார்கள். ஐந்து நாள் காத்திருக்க முடியாதவர்களுக்கு சிஓடி, ரசாயனத்தை வைத்து மூன்று மணி நேரத்துக்குள் முடிகிற சோதனை. நம் மாதிரித் தண்ணீரில் பிஓடி ஏறக்குறைய சிஓடியில் பாதியோ கொஞ்சம் கூடவோ இருக்கும்.

இப்போது மாவு. கெட்டியாக ஆட்டிய மாவு ஒரு கிலோவில் சுமார் 400 கிராம் காய்ந்த பொருள், பெரும்பாலும் ஸ்டார்ச். ஒரு கிராம் ஸ்டார்ச் கிட்டத்தட்ட 1.2 கிராம் சிஓடி. ஆக ஒரு கிலோ மாவு ஓட்டைக்குள் போனால் அரைக் கிலோவுக்குப் பக்கத்தில் சிஓடி, பிஓடியாகப் பார்த்தால் 300 கிராம் பக்கம். மலேசியாவில் சாக்கடை நிலையம் கட்டுகிறவர்கள் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 250 மில்லிகிராம் பிஓடி என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். அது 56 கிராம். அப்படியென்றால் பையன் தள்ளிவிட்ட ஒவ்வொரு கிலோ மாவும் ஐந்து பேர் ஒரு நாள் முழுக்கச் சாக்கடையில் விட்டதற்குச் சமம். அவர்கள் அன்றைக்கு எத்தனை கிலோ தள்ளினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரே கண்ணை மூடிக்கொண்டார்.

சர்க்கரை இன்னும் மோசம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. பத்து சதவீதம் சர்க்கரையுள்ள சிரப் பானம் ஒரு லிட்டர் சிந்தினால் 110 கிராம் சிஓடி, தண்ணீர் பார்க்கத் தெளிவாகவே இருக்கும். பாலும் அதே தரம்தான், லிட்டருக்கு நூறு கிராம் பிஓடி பக்கம். தைப்பூசத்துக்கு மறுநாள் ரதம் போன வழியில் லொங்காங் ஓரம் நடந்து பார்த்திருந்தால் ஒரு புளித்த வாடை தெரிந்திருக்கும். உடைத்த தேங்காய்த் தண்ணீரின் சர்க்கரைதான் அது, வேறொன்றுமில்லை. முருகனுக்குக் கணக்கு வேறு, ஜாஸுக்கு (சுற்றுச்சூழல் துறைக்கு) கணக்கு வேறு.

தரையில் செய்ய வேண்டியது

இதை யாரும் கழிவுநீர் வேலை என்று நினைப்பதில்லை. என்னைக் கேட்டால் பாதி வேலை இங்கேதான்.

ஹோஸை எடுப்பதற்கு முன்னால் ரப்பர் தள்ளுகோல். சிந்திய மாவை, ஊறவைத்த உளுந்தின் தோலை, கிரைண்டர் பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை எல்லாம் முதலில் வழித்து வாளியில் போட வேண்டும். வாளியில் போனது மாட்டுத் தீவனம் (புக்கிட் தெங்காவில் மாடு வளர்க்கிற ஒருவர் தினமும் சாயங்காலம் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்), ஓட்டையில் போனது உங்கள் கரண்ட் பில். அப்புறம் ஹோஸின் வாயில் விட்டால் நின்றுபோகிற துப்பாக்கி மாட்டுங்கள், தண்ணீர் அளவு அங்கேயே குறையும். ஓட்டைக்கு மேலே சல்லடைக் கூடை வையுங்கள், ஆனால் அதை எடுத்து எறியாமல் இருக்க ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள், இல்லையென்றால் அடைக்கிற முதல் நாளே கூடையைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிடுவார்கள். எல்லா இடத்திலும் அப்படித்தான் நடக்கிறது.

அரிசி கழுவிய முதல் தண்ணீர் மட்டும் தனியாகப் போகும்படி ஒரு பைப் போடுங்கள். முதல் கழுவலில்தான் பாதிக்கு மேல் மாவுப்பசை போய்விடும், இரண்டாவது மூன்றாவது கழுவல் இளசு. கெட்டித் தண்ணீரைத் தனியாகப் பிடித்து ஒரு தொட்டியில் இரண்டு மணி நேரம் அசையாமல் விட்டால் அடியில் வெள்ளையாகப் படியும், அதையும் தீவனத்துக்கு அள்ளிவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, ராத்திரி முழுக்க விடாதீர்கள். நம் வீட்டு மாவு பொங்குகிற அதே கதைதான், புளிக்க ஆரம்பித்ததும் காற்றுக் குமிழி படிந்த மாவைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு: ஒரு நாளைக்கு 20 கன மீட்டர் தண்ணீர், லிட்டருக்கு 2000 மில்லிகிராம் பிஓடி என்றால் தினமும் 40 கிலோ பிஓடி. அதைத் தின்ன வைக்கிற காற்றுத் தொட்டி (ப்ளோவரால் காற்று ஊதி பாக்டீரியா வளர்க்கிற தொட்டி), நிதானமாகக் கணக்குப் போட்டால், 130 கன மீட்டர் வேண்டும். தரையில் வழித்தே பிஓடியைப் பாதியாக்கிவிட்டால் 65 போதும். கொங்கிரீட்டும் ப்ளோவரும் கரண்டும் பாதி. ஒரு ரப்பர் தள்ளுகோல் என்ன விலை என்று பாசாரில் கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாக

1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழே 2009இல் வந்த தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைதான் நமக்கு. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்பக்கம் நீங்கள் இருந்தால் ஸ்டாண்டர்ட் ஏ, மற்ற இடங்களில் ஸ்டாண்டர்ட் பி. பி என்றால் பிஓடி 50, சிஓடி 200, தண்ணீரில் கலந்து நிற்கிற திடப்பொருள் 100, எண்ணெய் 10, எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம், பிஎச் 5.5 முதல் 9. ஏ என்றால் பிஓடி 20, சிஓடி 80, திடப்பொருள் 50, எண்ணெய் 1, பிஎச் 6 முதல் 9. வெப்பம் இரண்டுக்கும் 40 டிகிரி. எண்ணெய் 1 என்பது விளையாட்டில்லை, முறுக்குச் சுடுகிறவர்கள் இடம் வாடகைக்கு எடுப்பதற்கு முன்னாலேயே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

“நாளுக்கு 60 கன மீட்டருக்குக் கீழே இருந்தா நமக்கு இது கிடையாது” என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் விதியில் பாதியைத்தான் காதில் வாங்கியிருக்கிறார்கள். தண்ணீரில் எண்ணெய் இருக்கக்கூடாது, பிஓடி, திடப்பொருள் சுமை நாளுக்கு 6 கிலோவைத் தாண்டக்கூடாது என்ற மீதிப் பாதி இருக்கிறது. மேலே நாம் பார்த்த சின்னத் தொழிற்சாலை 40 கிலோ. சந்தேகம் இருந்தால் உங்கள் அறிக்கையோடு நேரே ஜாஸ் ஆபீஸுக்குப் போய்க் கேளுங்கள், நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாதீர்கள். நல்ல தண்ணீரைக் கலந்து எண்ணைக் குறைப்பதும் குற்றம், தொட்டியைச் சுற்றி ரகசியமாக ஒரு பைபாஸ் பைப் போடுவதும் குற்றம். 2024இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை போகலாம். தொட்டியை ஓட்டுகிறவருக்கு ஜாஸின் பயிற்சி நிலையமான ஐமாஸ் நடத்துகிற செப்பியட்சோ (கழிவுநீர்த் தொட்டி ஓட்டுகிறவருக்கான சான்றிதழ்) தகுதி வேண்டும், சோதனைக்குக் கொடுக்கிற லேப் சாம் (மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். இவ்வளவு போதும்.

தொட்டிக்கு முன்னால் இருக்கும் தொட்டிகள்

வரிசை இப்படி: சல்லடை, எண்ணெய்ப் பொறி, பேலன்சிங் டேங்க், பிஎச் சரிசெய்தல், அப்புறம் காற்றுத் தொட்டி, கடைசியில் சேறு அடியில் படிந்து தண்ணீர் தெளிகிற தெளிவுத் தொட்டி.

சல்லடையில் இடைவெளி ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர். அரிசி, உளுந்துத் தோல், தேங்காய்த் துருவல் இங்கேயே நிற்க வேண்டும், தேங்காய்த் துருவல் பம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பது பம்ப் ரிப்பேர் செய்கிறவருக்குத்தான் தெரியும். எண்ணெய்ப் பொறியில் தண்ணீர் குறைந்தது அரை மணி நேரம் நிற்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரை அதில் விட்டால் எண்ணெய் உருகிக் கலங்கிக் கூடவே போய்விடும், பாத்திரம் கழுவுகிற சோப்பும் அதே வேலையைச் செய்யும், பொறி காலியாக இருக்கிறதே, எண்ணெயே இல்லை போலிருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். வாரம் ஒருமுறை அள்ளுங்கள், நாறும் வரை காத்திருக்க வேண்டாம்.

பேலன்சிங் டேங்க்தான் ஆட்கள் காசு மிச்சம் பிடிக்கிற இடம், அப்புறம் வருத்தப்படுகிற இடமும் அதுவே. காலையில் ஊறவைத்த தண்ணீர் புளிப்பாக வரும், மத்தியானம் ஒன்றுமே வராது, ராத்திரி கழுவும்போது காஸ்டிக் சோடாவோடு ஒரே அடியாக வரும். இதை எல்லாம் ஒன்றாக்கி, 24 மணி நேரமும் ஒரே அளவில் அடுத்த தொட்டிக்கு அனுப்புவதுதான் இதன் வேலை. ஒரு நாள் தண்ணீர் முழுவதையும் பிடிக்கிற அளவு கட்டுங்கள். உள்ளே கொஞ்சம் காற்று விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், சும்மா விட்டால் மாவுத் தண்ணீர் ஒரே ராத்திரியில் புளித்து பிஎச் நாலரைக்கு வந்துவிடும். பிஎச் ஏற்றுவதற்குக் காஸ்டிக் வேகம், ஆனால் கை கொஞ்சம் தவறினால் பதினொன்றுக்குப் போய் நிற்கும். சுண்ணாம்பு மலிவு, ஆனால் அடியில் சேறு கூடும். நான் சோடா சாம்பல்தான் போடுவேன், நிதானமான ஆள் அது. ஆறரையிலிருந்து ஏழரைக்குள் வந்தால் போதும்.

மழைத் தண்ணீர் இதற்குள் வரவே கூடாது. கூரைக் குழாயைத் தரைக் கால்வாயோடு இணைத்துவிட்டிருக்கிறார்களா என்று ஒரு பெரிய மழை நாளில் குடையோடு போய்ப் பாருங்கள். 2017 நவம்பரில் பினாங்கே மூழ்கிய அந்த ராத்திரி, நான் பார்த்துக்கொண்டிருந்த தொட்டி நிரம்பி வழிந்து மூன்று மாதமாக வளர்த்த ஸ்லஜ் (சாப்பாட்டைத் தின்கிற பாக்டீரியாச் சேறு) அத்தனையும் வேலிக்கு வெளியே போய்விட்டது.

சோயா பால் செய்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கைவேலை உண்டு. அந்தத் தண்ணீரின் பிஎச்சை நாலரைக்கு இறக்கினால் புரதம் தௌஃபு மாதிரித் திரண்டு வரும், அதை அப்படியே வழித்து எடுத்துவிட்டு மறுபடியும் பிஎச்சை ஏற்றிக்கொள்ளலாம். பிஏசி (பாலி அலுமினியம் குளோரைடு) என்கிற மருந்தும் பாலிமரும் போட்டு அழுக்கைக் கட்டியாகத் திரட்டுகிற முறையும் இருக்கிறது, எண்ணெய் நிறைய இருக்கிற இடத்தில் டிஏஎஃப்போடு (சின்னக் காற்றுக் குமிழியால் அழுக்கை மிதக்க வைத்து வழிக்கிற தொட்டி) சேர்த்து அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கரைந்துபோன சர்க்கரையை எந்த மருந்தும் திரட்டாது. மருந்துக் கம்பெனி சேல்ஸ்மேன் குடுவையில் உங்கள் தண்ணீரைத் தெளிய வைத்துக் காட்டினால் கைதட்டுங்கள், அப்புறம் அந்தத் தெளிந்த தண்ணீரின் சிஓடியைக் கேளுங்கள்.

காற்றுத் தொட்டி

என் தாத்தா ஜாவியில் மாடு வைத்திருந்தார். தீனி நேரத்துக்குப் போகணும், ஒரு நாள் அதிகம் ஒரு நாள் பட்டினி என்று இருக்கக்கூடாது, கொட்டிலில் காற்று வரணும், சாணியை அன்றாடம் அள்ளணும் என்பார். காற்றுத் தொட்டியைப் பற்றி வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதற்கு மேல் அதிகமில்லை, எண்கள்தான் கூட.

தீனி: தொட்டியில் இருக்கிற ஒரு கிலோ ஸ்லஜ்ஜுக்கு ஒரு நாளைக்கு 0.1 கிலோ பிஓடி வைத்தால் நிம்மதியாக ஓடும். மேலே சொன்ன 130 கன மீட்டர் அப்படி வந்ததுதான்: 40 கிலோ பிஓடிக்கு 400 கிலோ ஸ்லஜ், கன மீட்டருக்கு 3 கிலோ, அதாவது எம்எல்எஸ்எஸ் (ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் ஸ்லஜ் என்கிற எண்) 3000. காற்று: தொட்டியில் எங்கே அளந்தாலும் டிஓ (கரைந்திருக்கிற ஆக்சிஜன்) லிட்டருக்கு 2 மில்லிகிராம் பக்கம் நிற்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு அளங்கள், விடியற்காலையில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிற நேரத்தில் அளந்து திருப்திப்படாதீர்கள்.

அப்புறம் உரம். மாவு, சோயா என்றால் புரதத்திலிருந்தே நைட்ரஜன் கிடைத்துவிடும். சிரப், குளிர்பானம், சர்க்கரைத் தண்ணீர் என்றால் அது வெறும் சோறு, குழம்பே கிடையாது. பிஓடி 100க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்பது பழைய கணக்கு, இன்றைக்கும் செல்லும். 40 கிலோ பிஓடிக்கு 2 கிலோ நைட்ரஜன், 400 கிராம் பாஸ்பரஸ். டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) உரம் 2 கிலோ போட்டால் பாஸ்பரஸ் சரியாகிவிடும், கூடவே 360 கிராம் நைட்ரஜனும் வரும், மீதிக்கு யூரியா மூன்றரை கிலோ. இதைக் கரைத்து நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அதிகமாகப் போட்டால் அம்மோனியாவாக வெளியே வரும், அதற்கும் வரம்பு இருக்கிறது: ஏ 10, பி 20.

புதுத் தொட்டியென்றால் இதே மாதிரிச் சாப்பாடு செய்கிற இன்னொரு தொழிற்சாலையிலிருந்து ஒரு டேங்கர் ஸ்லஜ் கேட்டு வாங்குங்கள். நன்றாகத் தெரிந்தவரிடம் கேளுங்கள், அவர் தொட்டியில் ஏற்கெனவே நோய் இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். முதல் வாரம் கால்வாசித் தண்ணீர்தான் விட வேண்டும், நாலைந்து வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டு வரலாம். சாணி கரைத்து ஊற்றலாமா என்று கேட்பார்கள். ஊற்றலாம், பழைய ஆட்கள் செய்திருக்கிறார்கள், ஆனால் நேரம் பிடிக்கும், வைக்கோல் துணுக்கு பம்பில் சிக்கும்.

தினமும் காலையில் செய்யச் சொல்வது ஒரே ஒரு சோதனை. ஒரு லிட்டர் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை மொண்டு மேசைமேல் வைத்துவிட்டு அரை மணி நேரம் பாருங்கள். போனை எடுக்காதீர்கள், குழாயைப் பாருங்கள். நல்ல ஸ்லஜ் தே தாரிக் நிறத்துக்கும் மைலோ நிறத்துக்கும் நடுவே இருக்கும், மழை பெய்த மண்வாசனை அடிக்கும். முதல் ஐந்து நிமிடத்தில் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துப் பஞ்சுபோல் ஆகி, மேலே ஒரு கோடு கிழித்த மாதிரித் தெளிநீர் பிரியும். அரை மணியில் 300 மில்லிலிட்டர் கோட்டில் நின்றால், 300ஐ 1000ஆல் பெருக்கி எம்எல்எஸ்எஸ் 3000ஆல் வகுத்தால் 100. அது எஸ்விஐ, ஸ்லஜ் எவ்வளவு நன்றாகப் படிகிறது என்று சொல்கிற எண். நூற்றைம்பதுக்குள் இருந்தால் நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போகலாம்.

அரை மணி கழித்தும் 800இலேயே நின்றுகொண்டு, மேலே இருக்கிற கொஞ்சத் தண்ணீர் மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் நூல்மாதிரிப் பாக்டீரியா பெருகிவிட்டது என்று அர்த்தம். சாப்பாட்டுத் தொழிற்சாலையில் இதுதான் வழக்கமான வியாதி. காரணம் மூன்றில் ஒன்று: காற்றுப் போதவில்லை, நைட்ரஜன் போதவில்லை, அல்லது புளித்த தண்ணீர் நேராக உள்ளே வருகிறது. குளோரின் போட்டு நூலைக் கொல்லலாம்தான், காரணத்தைச் சரிசெய்யாமல் கொன்றால் பத்து நாளில் திரும்ப வளரும். வேகமாகப் படிந்து, மேலே கலங்கலாகப் புகைமாதிரி நின்றால் ஸ்லஜ் கிழடு தட்டிவிட்டது, நீங்கள் வெளியேற்றுவதில்லை. வெள்ளை நுரை மலைபோல் எழுந்தால் ஸ்லஜ் இன்னும் இளசு, அல்லது யாரோ சோப்பைக் கொட்டியிருக்கிறார்கள். பழுப்பாக, கெட்டியாக, கையில் வழவழவென்று ஒட்டுகிற நுரையென்றால் எண்ணெய்ப் பொறியைப் போய்ப் பாருங்கள்.

வெளியேற்றுவது என்றேன். 40 கிலோ பிஓடி தின்கிற தொட்டியில் காய்ந்த கணக்கில் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் புது ஸ்லஜ் விளையும். அதைத் தினமும் எடுக்க வேண்டும். சேமித்து வைக்கிறவர்களுக்கு ஒரு நாள் தெளிவுத் தொட்டியின் விளிம்பு வழியாக அதுவே வெளியே வரும், அன்றைக்குப் பார்த்துத்தான் சாம்பிள் எடுக்க ஆள் வருவார். ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து எடுத்த கட்டியிலும் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான், எடை பார்த்துக் காசு கேட்கிற லோரிக்காரரிடம் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் காயவிடுங்கள்.

ஒரு ராத்திரியில் எல்லாம் போன கதை

பெயர் வேண்டாம், ஒரு பானத் தொழிற்சாலை. கழுவுகிற வேலையை வெளி ஆட்களிடம் புதிதாகக் கொடுத்திருந்தார்கள். பைப்லைனைக் கழுவ ஒரு தொட்டி நிறையக் காஸ்டிக் கரைசல் இருக்கும், அதைத் திரும்பத் திரும்ப உபயோகிப்பார்கள், தீர்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேலன்சிங் டேங்குக்கு விடுவார்கள். புது ஆட்களுக்கு அது தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. மூன்று மணிக்கு வேலை முடித்துவிட்டு வால்வை முழுசாகத் திறந்துவிட்டுப் போய்விட்டார்கள். காலை ஏழு மணிக்கு நான் போனபோது காற்றுத் தொட்டியில் பிஎச் 11.8, நுரை வேலி உயரத்துக்கு. சோதனைக் குழாயில் மொண்டேன், எதுவும் படியவில்லை, மோர் மாதிரிக் கலங்கி நின்றது. டிஓ மட்டும் ஏழு. மூச்சுவிட ஆள் இல்லாத வீட்டில் ஆக்சிஜன் மிஞ்சத்தானே செய்யும்.

வெளியே போகிற வால்வை அடைத்தேன், உற்பத்தியை நிறுத்தச் சொன்னேன், தவுக்கே (முதலாளி) கத்தினார், கத்தட்டும். ஆசிட் விட்டு மெதுவாக பிஎச்சை இறக்கினோம், பக்கத்து ஊரிலிருந்து இரண்டு டேங்கர் ஸ்லஜ் கொண்டுவந்தோம், பழைய நிலைக்கு வர மூன்று வாரம் ஆனது. அதற்குப் பிறகு அந்த வால்வுக்குப் பூட்டு, சாவி என் இடுப்பில். கழுவுகிற ஆட்கள் நேப்பாளிகளும் பங்களாக்காரர்களும் என்பதால் அவர்கள் மொழியிலேயே, அவர்களையே எழுதச் சொல்லி, ஒரு பலகை மாட்டினேன். பாத்திரத்துக்கு அடிக்கிற கிருமிநாசினிக்கும் இதே எச்சரிக்கை, கிருமிநாசினிக்கு நல்ல கிருமி கெட்ட கிருமி தெரியாது.

கிருமி போனால் டேங்கரில் வாங்கிவிடலாம், ஆளை வாங்க முடியாது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பம்ப் அடைத்துக்கொண்டது, சும்மா இரண்டு நிமிட வேலை என்று யாரையும் சம்ப்புக்குள் (கழிவுநீர் சேர்கிற குழிக்குள்) இறங்க விடாதீர்கள். அழுகிய ஸ்லஜ்ஜிலிருந்து வருகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகின முட்டை மாதிரி நாறும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. “இப்ப நாறல அண்ணே” என்று ஒருவர் சொன்னால் அதுதான் பயப்பட வேண்டிய நேரம். காற்று அளக்கிற மீட்டர், பயிற்சி பெற்ற ஆள், மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர், இவை இல்லாமல் இறங்குவது கிடையாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் பாய்ந்து இறங்குகிற இரண்டாவது ஆளும் சேர்ந்தே போகிறார். பம்பைச் சங்கிலியில் கட்டி மேலேயே தூக்குகிற மாதிரி அமைத்துவிட்டால் இறங்க வேண்டிய அவசியமே வராது.

தீபாவளிக்குக் கடையை மூடும்போது

மாவுத் தம்பி கடைசியாகக் கேட்டது இது. தீபாவளிக்கு முந்தின வாரம் மூன்று மடங்கு உற்பத்தி, அப்புறம் ஐந்து நாள் மூடல். தொட்டிக்கு விருந்தும் பட்டினியும் அடுத்தடுத்து. விருந்துக்கு முன்னால், இரண்டு வாரம் முன்னதாகவே ஸ்லஜ் வெளியேற்றுவதைக் குறைத்து எம்எல்எஸ்எஸ்ஸைக் கொஞ்சம் ஏற்றிவையுங்கள், பேலன்சிங் டேங்கை முடிந்தவரை காலியாக வையுங்கள். பிஓடி தொட்டியின் அளவைத் தாண்டும் என்று தெரிந்தால் கெட்டித் தண்ணீரைத் தனித் தொட்டியில் பிடித்துவைத்து மூடுகிற நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், விருந்தில் மிஞ்சியதே பட்டினிக்குச் சாப்பாடாகிவிடும். அது புளித்திருக்கும், சோடா சாம்பல் மறக்க வேண்டாம். ப்ளோவரை டைமரில் போட்டு ஒரு மணி ஓட்டம், இரண்டு மணி நிறுத்தம். முழுக்க நிறுத்தினால் அடியில் அழுகும், முழுக்க ஓட்டினால் பசியில் ஒன்றையொன்று தின்று தூளாகும்.

யாராவது ஒருவர் நாளுக்கு ஒருமுறை வந்து குழாயில் மொண்டு பார்த்து, ப்ளோவர் பெல்ட் அறுந்திருக்கிறதா என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். அவர் யார் என்பதை மூடுவதற்கு முன்னாலேயே முடிவு செய்யுங்கள், தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது என்னைக் கூப்பிட வேண்டாம். போன தடவை அப்படித்தான் கூப்பிட்டார்கள், பாதி நனைந்த தலையோடு போனேன். திறக்கிற நாள் உற்பத்தி பாதி அளவில் தொடங்கட்டும், குழாயில் கோடு பழையபடி 300 பக்கம் வந்து, தெளிநீரின் வழியாகப் பின்னால் இருக்கிற பேப்பரின் எழுத்து படிக்க முடிந்தால் மறுநாளிலிருந்து முழு அளவு.